படகு, சுரங்கம், பொம்மை ரயில்: சின்னப் பிள்ளைகளோடு ஹாம்பர்க்கில் மூன்று நாள்

கும்பகோணத்தில் நவக்கிரகச் சுற்றுலா வண்டி ஏறியவர்களுக்குத் தெரியும். விடியற்காலை திங்களூரில் தொடங்கினால் இருட்டும்போது திருநள்ளாறில் முடியும். ஒன்பது கோயிலும் பார்த்தாகிவிடும். ஆனால் நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டால், வண்டியில் வாந்தி எடுத்ததும் கோயில் வாசலில் வாங்கிய பலூனும்தான் ஞாபகம் இருக்கும். ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போதும் நாம் அதே கணக்கைத்தான் போடுகிறோம். ஏஜெண்டுகள் தரும் அட்டவணையைப் பாருங்கள்: ஆறு நாளில் ஃபிராங்க்ஃபர்ட், ஹைடல்பர்க், கருங்காடு, மியூனிக், ஒரு கோட்டை, பெர்லின். பகலில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும்.

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. ஒரே ஊர், மூன்று நாள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இந்தக் கணக்குக்கு ஜெர்மனியிலேயே நன்றாகப் பொருந்துகிற ஊர் ஹாம்பர்க் என்பது எங்கள் தீர்ப்பு. மியூனிக்கிலும் பெர்லினிலும் பார்க்க வேண்டியதில் பெரும்பாலானவை அசையாமல் நிற்பவை: அரண்மனை, தேவாலயம், நினைவுச் சின்னம். ஹாம்பர்க்கில் எல்லாம் ஓடுகிறது, மிதக்கிறது, இல்லையென்றால் எதையாவது தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைக்கு விளக்கம் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

முதல் மார்க் 62ஆம் நம்பர் படகுக்கு. இது சுற்றுலாப் படகு அல்ல. வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் டவுன்பஸ் மாதிரி. நகர ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எடுத்த நாள் டிக்கெட்டே இதற்கும் செல்லும். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறையில் 3ஆம் பாலத்தில் ஏறினால் ஃபின்கன்வெர்டர் வரை ஏறக்குறைய அரை மணி நேரம். அதே துறையில் ஆட்களை நிறுத்திக் கூவிக் கூவிக் கூப்பிடும் தனியார் படகுகளுக்கு ஆளுக்குத் தனிக் கட்டணம். அதில் ஒரு மணி நேரம் ஜெர்மன் மொழியில் விளக்கவுரை வேறு. பிள்ளைக்குத் தேவை விளக்கவுரை அல்ல, மேல்தளம். 62இல் திறந்த மேல்தளம் இருக்கிறது. மூக்கு தட்டையான இந்தப் படகுகளை உள்ளூரில் ‘இஸ்திரிப் பெட்டி’ என்றே சொல்கிறார்கள். பார்த்தால் ஏன் என்று புரியும்.

போகும்போது இடது கைப் பக்கம் சரக்குக் கப்பல் துறை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஊர் இது. ஆனாலும் 400 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல்கள் எல்பே ஆற்றில் ஏறி வருகின்றன. கொள்ளிடத்தில் அணைக்கரை வரைக்கும் கப்பல் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஃபின்கன்வெர்டர் பக்கம் ஏர்பஸ் தொழிற்சாலை இருப்பதால் வானத்தில் புது விமானமும் தென்படும். ஒரு போக்கில் கப்பல், கிரேன், விமானம் மூன்றும் முடிந்தன.

இரண்டு எச்சரிக்கை. வெயில் அடிக்கிற சனி, ஞாயிறு மதியங்களில் ஊரே இந்தப் படகில்தான் இருக்கும். தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றால் இரண்டு படகை விட வேண்டி வரும். காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அடுத்தது, இந்தத் துறை மிதவை மேல் கட்டியது. ஹாம்பர்க்கில் கடலின் ஏற்ற இறக்கத்தால் ஆற்று நீர்மட்டம் மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் மாறும். நாகப்பட்டினத்தில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டாது. வற்று நேரத்தில் கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். தள்ளுவண்டியை முன்னால் விடாமல் திரும்பி நின்று பின்னோக்கி இறக்குவது பத்திரம்.

திரும்பி வரும்போது நொய்ம்யூலன் துறையில் இறங்கினால் ஓவல்கோனெ மணல்கரை. நல்ல ஆற்று மணல், எதிரே கிரேன்கள், பிள்ளைகளுக்கு வாளியும் கரண்டியும் போதும். மேற்கே நடந்தால் ‘கிழட்டு ஸ்வீடன்காரன்’ என்று பெயர் வைத்த 217 டன் பாறை. 1999இல் ஆற்றைத் தூர்வாரும்போது கிடைத்தது, பனிக்கட்டி யுகத்தில் ஸ்வீடனிலிருந்து உருட்டி வரப்பட்டது. கரையில் விளையாடலாம், ஆற்றில் இறங்கக் கூடாது. பெரிய கப்பல் கடக்கும்போது முதலில் தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கும். பிறகு அதே வேகத்தில் திரும்பி வந்து அடிக்கும். தண்ணீர் பின்வாங்குவதைப் பார்த்தவுடன் கிளிஞ்சல் பொறுக்கப் பிள்ளை முன்னால் ஓடும். ஆபத்து அந்த நொடியில்தான். கப்பல் வருகிறது என்றால் பிள்ளையை நாலு எட்டு மேலே ஏற்றிவிட்டு வேடிக்கை காட்டுங்கள்.

லாண்டுங்ஸ்ப்ரூக்கன் பக்கத்திலேயே பழைய எல்பே சுரங்கம். 1911இல் திறந்தது, ஆற்றுக்கு அடியில் 24 மீட்டர் ஆழம், 426 மீட்டர் நீளம், நடந்து போகக் காசு கிடையாது. கீழே இறங்க லிஃப்ட் உண்டு, தள்ளுவண்டி தாராளமாகப் போகும். சுவரில் மீன், நண்டு, எலி, ஒரு பழைய பூட்ஸ் என்று மேடாகத் தெரியும் ஓட்டுச் சித்திரங்கள். ‘எலி எங்கே இருக்கிறது, கண்டுபிடி’ என்று விட்டால் நானூறு மீட்டரும் ஒரு சிணுங்கல் இல்லாமல் கடந்துவிடும். அக்கரையில் ஏறினால் ஊரின் முழு முகப்பும் எதிரே தெரியும். உள்ளே எப்போதும் குளிர்ச்சி, வெயில் நாளிலும் சட்டைக்கு மேல் ஒன்று வேண்டும்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மினியாட்டூர் வுண்டர்லாண்ட். இரட்டையர்களான ஃபிரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் 2001இல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பு என்று கின்னஸ் பதிவு. நம் வீட்டுக் கொலுவில் படிக்குக் கீழே மணல் கொட்டி, பார்க் போட்டு, கண்ணாடியைக் குளமாக வைப்போமே, அந்த ஆசையை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்கள் இரண்டு பெரிய கிடங்குக் கட்டடங்களை நிரப்பினால் இப்படித்தான் இருக்கும். அளவு 1:87. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள். கால் மணிக்கு ஒரு தடவை மொத்த அறையும் இருட்டாகி, லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் எரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி விடியும்.

பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறோம், நேரம் மிச்சமாகும். க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊரில் அடிக்கடி தீப்பிடிக்கும். நீல விளக்கோடு தீயணைப்பு வண்டிகள் தாமாகவே நிலையத்திலிருந்து கிளம்பி, சிக்னலில் மற்ற வண்டிகள் ஒதுங்கி, இடத்துக்குப் போய்ச் சேரும். 2011இல் வைத்த விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையில் ஓடி, உண்மையாகவே மேலே எழும்பி, சுவருக்குள் மறையும். ஸ்காண்டிநேவியாப் பகுதியில் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீரில் கப்பல் போகும். சுவிட்சர்லாந்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் குட்டிச் சாக்லேட் வந்து விழும். அங்கே வரிசை நகராது, எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி அமுக்குகிற பொத்தான்கள் ஓரமெங்கும் இருக்கின்றன. எதை அமுக்கினால் எது அசைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிள்ளைக்கு முழு விளையாட்டு. ‘வா, அடுத்ததைப் பார்க்கலாம்’ என்று இழுக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

கெடுவது எங்கே? டிக்கெட்டில். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்காமல், ஜெர்மன் பள்ளி விடுமுறை நாளில் நேரில் போய் நின்றால், மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இடம் வருஷம் 365 நாளும் திறந்திருக்கும், ஆகவே காலையின் முதல் நேரத்தை எடுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோருடன் வந்தால் இலவசம். வயது அல்ல, உயரம்தான் கணக்கு, வீட்டிலேயே அளந்துவிட்டுப் போகலாம். கூட்டத்தில் தள்ளுவண்டியில் உட்கார்ந்த பிள்ளைக்கு முதுகுகள் மட்டுமே தெரியும். வண்டியை நம்பாமல் தூக்கிக்கொள்ளவோ நடக்கவிடவோ தயாராக இருங்கள். உள்ளே வெக்கை, ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். பெரியவர்களுக்கு நாலு மணி நேரம்கூடப் போதாது. நாலு வயதுக்கு இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் எல்லாம் அழுகை.

இது இருக்கும் கிடங்குத் தெரு, ஸ்பைஷர்ஷ்டாட், தனியாகவே பார்க்கத் தகுந்தது. 1883இலிருந்து மரத்தூண்கள் மேல் கட்டிய செங்கல் கிடங்குகள்; காப்பி, தேயிலை, மசாலா, கம்பளம் எல்லாம் இங்கேதான் அடுக்கியிருந்தார்கள். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாலங்களில் பத்து நிமிடம் நடந்தால் போதும். கால்வாய்க்குள் போகும் குட்டிப் படகில் ஏற ஆசை இருந்தால் நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஆற்று நீர் ஏறியிருந்தால் படகு பாலத்துக்கு அடியில் நுழையாது, வற்றியிருந்தால் கால்வாயில் மிதக்காது. வாங்கிய பிறகு ‘இன்று துறைமுகம் மட்டும்’ என்பார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் ஒரு லாபம் உண்டு: நேர வித்தியாசம். கோடையில் மூன்றரை மணி நேரம். மன்னார்குடியில் காலை ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை ஹாம்பர்க்கில் இரண்டரைக்கு எழுந்து ‘விடிஞ்சுடுச்சா’ என்று கேட்கும். மூன்று நாள் பயணத்தில் இதோடு சண்டை போடாதீர்கள். சாயங்காலம் ஏழுக்குத் தூங்க வைத்து, அதிகாலையில் கிளம்பிவிடுங்கள். மே மாதக் கடைசியில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். ஜன்னலுக்குக் கனத்த திரை இருக்கிற அறையா என்று அறை எடுக்கும்போதே கேட்க வேண்டும்.

அதிகாலைப் பிள்ளைகளுக்கென்றே ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை இருக்கிறது. 1703இலிருந்து நடக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 5 முதல் 9.30 வரை, குளிர்காலத்தில் 7 மணிக்குத் தொடங்கும். பெயர்தான் மீன் சந்தை. வாழைப்பழமும் பூச்செடியும் பழக்கூடையும் வண்டியின் மேல் நின்றுகொண்டு கூவி விற்கிறார்கள். ஒரு கூடை, இன்னொரு சீப்பு, அதன் மேல் ஒரு அன்னாசி என்று ஏற்றிக்கொண்டே போய், விலையை மட்டும் ஏற்றாமல் கத்துவார்கள். நாகப்பட்டினம் ஏலம் கேட்ட காதுக்கு மொழி புரியாவிட்டாலும் சங்கதி புரிந்துவிடும். 1896இல் கட்டிய ஏலக் கொட்டகைக்குள் பாட்டுக் கச்சேரி நடக்கும். இரவு முழுக்கக் குடித்துவிட்டு வந்தவர்களும் அங்கேதான் ஆடிக்கொண்டிருப்பார்கள். தொந்தரவு செய்பவர்கள் அல்ல. ஆனாலும் பிள்ளையின் கையை விடாதீர்கள். ரீப்பர்பான் நிலையத்தில் இறங்கி நடப்பதைத் தவிருங்கள், அந்த நேரத்தில் அந்தத் தெரு பிள்ளைகளுக்கானது அல்ல. லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் இறங்கி ஆற்றோரமாகவே வந்துவிடலாம். சனி இரவு ரயில்கள் விடிய விடிய ஓடுகின்றன.

அன்றைக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமானை முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், ஞாயிறு கடை கிடையாது. பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும். மற்றபடி தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள்தான் கதி. சனிக்கிழமையே பால், தயிர், பழம் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஹோட்டலைவிட அடுப்பு இருக்கிற சின்ன வீடு நல்லது. மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட். குக்கரை எடுத்துப் போகலாம், ஆனால் நம் மூன்று முள் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். எல்லா வீட்டிலும் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கும். காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் போட்டால் கட்டடமே எழுந்து நிற்கும். அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, தாளிப்பை மிதமான சூட்டில் முடியுங்கள். கடைத் தயிரில் 3.5 சதவீதக் கொழுப்பு என்று போட்டதை எடுத்தால் தயிர்சாதத்துக்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் பால் விட்டுப் பிசையுங்கள். அரிசியைப் பாலில் வேகவைத்து இனிப்பாகக் குளிர்ந்த டப்பாவில் விற்கும் ‘மில்ஷ்ரைஸ்’ பிள்ளைக்கு அவசர உணவு. வெளியே என்றால் ஃபிரான்ஸ்ப்ரோட்ஷன், பட்டையும் சர்க்கரையும் மடித்த ஹாம்பர்க் பன். இந்த ஊரில் காப்பியைவிட அது தேவலை. சைவக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பிள்ளைகள் கை நீட்டும் ஜவ்வு மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது பன்றித் தோலிலிருந்து வருவது. ‘வேகன்’ என்று எழுதியதை மட்டும் எடுங்கள்.

வீட்டிலிருந்து எதைக் கட்டுவது என்பதில்தான் பாட்டிகளோடு தகராறு வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலும் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா வேண்டாம். மோர்மிளகாயையும் விட்டுவிடுவது நல்லது. குழந்தைக்கான பால்பவுடர் பிரிக்காத பாக்கெட்டில் 2 கிலோ வரை அனுமதி. கறிவேப்பிலைக் கொத்துக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், ஆகவே அதுவும் வேண்டாம். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி ஆகியவற்றுக்கு அந்தச் சான்று தேவையில்லை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடிக்குத் தடையில்லை. காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். அங்கே பாராசிட்டமால் மருந்துக்கடையில் மட்டும்தான் விற்பார்கள், ஞாயிறு அன்று முறை வைத்துத் திறக்கும் கடையைத் தேட வேண்டும். அவசரத்துக்கு 112, அவசரமில்லாத இரவு நேர மருத்துவ உதவிக்கு 116117.

நகரப் போக்குவரத்து டிக்கெட் எளிது, பொறி மட்டும் ஒன்று. ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். பெரியவர் ஒருவரின் நாள் டிக்கெட்டிலேயே 6 முதல் 14 வயது வரை மூன்று பிள்ளைகள் அடக்கம். சுற்றுலா வருகிறவர்களுக்கான ஹாம்பர்க் கார்டும் அப்படியே. விலை குறைந்த ‘9 மணி நாள் டிக்கெட்’ வார நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும். மூன்று மணிக்கே எழுந்து ஏழுக்குக் கிளம்புகிற நம் கூட்டம் அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாத கணக்கு, அபராதம் 60 யூரோ. நிலையத்தில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, திடீரென்று பரிசோதகர் வருவார். யு3 ரயில் ரோடிங்ஸ்மார்க்ட்டிலிருந்து லாண்டுங்ஸ்ப்ரூக்கன் வரை மேம்பாலத்தில் போகும். இடது பக்க ஜன்னலில் பிள்ளையை உட்கார வையுங்கள், துறைமுகம் முழுக்கத் தெரியும். டாக்ஸி வேண்டாம். 12 வயதுக்கும் 150 சென்டிமீட்டருக்கும் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், எல்லா டாக்ஸியிலும் அது இருக்காது.

கழிப்பறை நிலையங்களில் காசு கொடுத்துத்தான், தண்ணீர் கிடையாது. ஒரு காலி பாட்டில் பையில் இருக்கட்டும். டயப்பர் மாற்ற, சோப்பு, ஷாம்பு விற்கும் டிஎம் (dm) கடைகளுக்குப் போங்கள், மேசையும் டயப்பரும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கும்போது குமிழி இல்லாதது என்று பார்த்து எடுங்கள். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். காலி பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். அதை எந்திரத்தில் போடும் வேலையைப் பிள்ளையிடம் விட்டால் அதுவே ஒரு விளையாட்டு.

மற்றவை சுருக்கமாக. பிளாண்டன் உன் ப்ளோமன் பூங்கா இலவசம், விளையாட்டுத் திடல் அருமை, ஒரு சாயங்காலம் ஒதுக்கலாம். அங்கே கோடை இரவு பத்து மணிக்கு நடக்கும் வண்ணத் தண்ணீர்க் காட்சியை மறந்துவிடுங்கள், பிள்ளைகள் மூன்றாவது தூக்கத்தில் இருப்பார்கள். ஹாகன்பெக் மிருகக்காட்சிசாலை 1907இல் கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி வைத்த முன்னோடி. ஆனால் முழு நாளைத் தின்றுவிடும், மூன்று நாள் பயணத்தில் சேராது. மிஷல் தேவாலயக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, ஆறு வயதுக்கு மேல் என்றால் சரி.

மே மாதம் இங்கே கத்திரி வெயில். அங்கே பகலில் 18 டிகிரி, காற்று, எந்த நேரமும் தூறல். ஊட்டிக்கு வாங்கிய கம்பளிச் சட்டை நனைந்தால் காயாது. தண்ணீர் புகாத மேல்சட்டை ஒன்று, உள்ளே இரண்டு மெல்லிய சட்டை. குடை காற்றில் திரும்பிக்கொள்ளும்.

விசாவுக்குச் சென்னையில் உள்ள விஎஃப்எஸ் விண்ணப்ப மையம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழ் கட்டணமில்லை. சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் கைரேகை கேட்பதில்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பிள்ளை விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவர் கையெழுத்தும் வேண்டும். நம் பக்கம் பலருக்கு மாட்டுவது பிறப்புச் சான்றிதழ்: பெயர் வைக்குமுன் வாங்கியதில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயரைச் சேர்த்து வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

இந்தியாவிலிருந்து ஹாம்பர்க்குக்கு நேர் விமானம் இல்லை. திருச்சியிலிருந்து துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். சென்னையிலிருந்து ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயில் பிடிப்பதாக இருந்தால் இடையில் நிறைய நேரம் விடுங்கள். ஜெர்மன் ஒழுங்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2024இல் அவர்களின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்ததையெல்லாம் சரியான நேரம் என்று எண்ணிய பிறகு.

திரும்பும் நாளில் எஸ்1 ரயில். தலைமை நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 25 நிமிடம். ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் இந்த ரயில் இரண்டாகப் பிரியும். முன் மூன்று பெட்டி விமான நிலையம் போகும். பின் மூன்று பெட்டி பொப்பன்பியூட்டல் என்ற வேறு பகுதிக்குப் போய்விடும். பெட்டியும் தள்ளுவண்டியுமாக வருகிறவர்கள் லிஃப்ட் விட்ட இடத்திலேயே ஏறிவிடுவது வழக்கம், தவறு அங்கேதான். நடைமேடையில் முன்பக்கம் வரை நடந்து ஏறுங்கள். பின்பெட்டியில் ஏறிவிட்டது தெரிந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஓல்ஸ்டோர்ஃபில் இறங்கி நில்லுங்கள், பத்து நிமிடத்தில் அடுத்தது வரும், அதன் முன்பெட்டியில் ஏறிக்கொள்ளலாம்.